குஞ்சுக்கும் பச்சோந்திக்கும் பூச்சி வளர்த்தல்

பூச்சி தின்னும் உயிர் ஒன்றை வைத்திருப்பவர் முதலில் வளர்க்கப் பழக வேண்டியது அந்தப் பூச்சியை. அடைக்கோழியின் பின்னால் ஓடும் குஞ்சோ, ரொறன்ரோவில் கம்பிவலைக் கூட்டுக்குள் இருக்கும் யேமன் பச்சோந்தியோ, எதுவானாலும் பூச்சியின் வயிற்றில் நேற்றுப் போனதுதான் இன்று அதன் வயிற்றுக்குள் போகிறது. தவிட்டை மட்டும் தின்று கிடந்த பூச்சியில் சத்துக் குறைவு. வெங்காயத் தோட்டத்து வரம்பில் பிடித்த தத்துவெட்டியனில் நஞ்சே இருக்கலாம். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர்ப் பக்கங்களில், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் அடுத்தடுத்துப் பயிராகின்றன. மருந்தடியும் அப்படியே அடுத்தடுத்து நடக்கிறது. மருந்து பட்டுத் தள்ளாடும் பூச்சிதான் கையில் எளிதாக அகப்படும். பிள்ளைகள் போத்தலில் அடைத்துக்கொண்டு வருவதும் பெரும்பாலும் அதைத்தான்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்று: பிடித்த பூச்சியை ஊட்டாதீர்கள், அதை வளர்த்து, அது பெருக்கிய குஞ்சுகளை ஊட்டுங்கள். கறையானுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைத் தன் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

பச்சோந்தியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிளுவை வேலியிலும் முருங்கையிலும் பூவரசிலும் ஆடி ஆடி நகர்வது இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களுக்கு உரிய இனம். 1768இல் லோரென்ரி என்பவர் அதற்குக் கமேலியோ சைலானிக்கஸ் என்று பெயரிட்டார். இலங்கையின் பெயரைத் தாங்கி நிற்கும் உயிர் அது. நாடுகளுக்கிடையிலான அதன் வணிகத்தைச் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியல் கட்டுப்படுத்துகிறது. உள்நாட்டில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. அனுமதியின்றி அதைப் பிடிக்கவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது.

பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் எடுத்த மரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அடிபட்டதாக இருந்தால் காற்றோட்டமான கடகத்தில் ஒரு கிளையோடு நிழலில் வைத்து, இலைகளில் தண்ணீர் தெளித்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பச்சோந்திக்குக் கோப்பையில் தண்ணீர் வைத்துப் பயனில்லை. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். வாயைத் திறந்து இரை திணிக்கவும் வேண்டாம். தாடையும் நாக்கும் மென்மையானவை. நாக்குப் பழுதானால் அந்த உயிருக்கு வேட்டை இல்லை.

அப்படியானால் இந்த வளர்ப்பு யாருக்கு? இங்கே முதன்மையாக ஊர்க்கோழிக் குஞ்சுக்கு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் விலை ஏறிய வேகத்தைக் கண்டவர்களுக்கு, வளவிலேயே விளையும் புரதத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் முறையாகக் கூண்டிலே இனப்பெருக்கம் செய்த யேமன் பச்சோந்தியை வாங்கி வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இது பயன்படும். பூச்சி ஒன்றே, ஊட்டும் முறைதான் வேறு.

சில்லூறு

எல்லாவற்றிலும் முதலில் நான் பரிந்துரைப்பது சில்லூற்றை. விறகு அடுக்குக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் இருந்து இரவு முழுதும் கிரீச்சிடுமே, அந்தக் கறுத்த பூச்சி. இறக்கையின் அடியில் இரண்டு மஞ்சள் பொட்டு இருந்தால் அது இரட்டைப் பொட்டுச் சில்லூறு, எங்கள் நிலத்துக்குப் பழகிய இனம். மேலை நாட்டுக் கடைகளில் நெடுங்காலம் விற்றுவந்தது பழுப்பு நிற வீட்டுச் சில்லூறு. அதைத் தாக்கிய டென்சோ வைரசு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பண்ணை பண்ணையாக அழித்தது. எங்கள் கறுப்பு இனம் அந்த நோய்க்கு எளிதில் வளைவதில்லை. இதற்கு வேண்டிய வெப்பம் 28 முதல் 32 பாகை. லண்டனில் இருப்பவர் அதற்காக மின்சாரப் பாய் விரிக்கிறார். யாழ்ப்பாணத்தில் நிழல் ஒன்றே போதும்.

ஐம்பது, அறுபது லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று எடுங்கள். உட்சுவரின் மேல் விளிம்பைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வழவழப்பான ரேப் ஒட்டினால் ஏறி வெளியே வராது. மூடியில் பெரிய துவாரம் வெட்டி உலோக வலை அடியுங்கள். நுளம்பு வலைத் துணியையும் பிளாஸ்ரிக் வலையையும் கடித்து ஓட்டையாக்கிவிடும். உள்ளே முட்டை அட்டைகளை நெடுக்காக நிறுத்தி அடுக்குங்கள். கிடையாக அடுக்கினால் எச்சம் தேங்கி நாறும். அடியில் மண் வேண்டாம், வெறும் தரையே துடைக்க எளிது. பெட்டியை நாலு செங்கல்லில் ஏற்றி, செங்கற்களைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய தட்டங்களில் வையுங்கள். எறும்பு ஒரே இரவில் பெட்டியைக் காலியாக்கும். பூச்சி வளர்ப்பில் அதைவிடப் பெரிய பகை இல்லை. வெறும் தண்ணீராக விட்டால் நுளம்பு முட்டையிடும், ஆகவே சவர்க்காரத்தை மறவாதீர்கள்.

தொடக்கத்துக்கு இருபது, முப்பது வளர்ந்த சில்லூறு போதும். மருந்தடிக்காத வளவில், இரவில், விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்புறத்தில் ஊசி போல் நீண்டிருப்பது பெண். மூன்றுக்கு ஓர் ஆண் இருந்தால் சரி. சாப்பாட்டுக்குக் குஞ்சுத்தீன் மாவும், முருங்கை இலை, பூசணித் துண்டு, கரட் துருவலும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். பொடிக் குஞ்சுகள் விழுந்து செத்துப் போகும். ஈரத் தும்பை ஒரு மூடியில் வைத்தால் உறிஞ்சிக் குடிக்கும். தண்ணீரோ புரதமோ குறைந்தால், அல்லது நெருக்கடி கூடினால், ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். கால் இழந்தவை கூடக் காணப்பட்டால் பெட்டியைப் பிரியுங்கள்.

முட்டைக்கு ஒரு சின்னத் தட்டில் மூன்று விரல் ஆழத்துக்கு ஈரமான தும்புத்தூளோ கழுவிய மணலோ நிரப்பி வையுங்கள். பெண் ஊசியைக் குத்திக் குத்தி இடும். இரண்டு மூன்று நாளில் அந்தத் தட்டை எடுத்து மூடியுள்ள வேறு பெட்டியில் வைத்து, புதுத் தட்டு வையுங்கள். எங்கள் வெக்கையில் பத்து, பன்னிரண்டு நாளில் கடுகுமணி போன்ற குஞ்சுகள் துள்ளும். அதுவரை தட்டு காயவும் கூடாது, சொட்டச் சொட்ட நனையவும் கூடாது. இந்த ஈரத்தைத்தான் கைப்பழக்கத்தில் அறிய வேண்டும்: பிடித்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், துளி விழக் கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு நாளிலேயே தட்டு காய்ந்து முட்டை சுருங்கும், ஆகவே மூடியை இறுக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மறுவளம். பூஞ்சணம் பிடிக்கும், மூடியைத் திறந்து காற்று விடுங்கள். குஞ்சு வளர்ந்து இறக்கை முளைக்க ஐந்து, ஆறு கிழமை செல்லும். பிறகு சில கிழமை முட்டையிட்டு ஓயும். இரண்டு பெட்டிகளை மூன்று கிழமை இடைவெளியில் தொடங்கினால் இரை அறாமல் கிடைக்கும்.

சுண்ணச் சத்து

வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். சில்லூறு, மாவுப்புழு, தத்துவெட்டியன், கறையான் எல்லாவற்றிலும் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. சில்லூற்றில் ஒரு பங்கு கல்சியத்துக்குப் பல பங்கு பொசுபரசு இருக்கிறது. பச்சோந்திக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு. பொசுபரசைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்கு கல்சியம். இந்தக் கணக்குப் பிழைத்தால் உடல் எலும்பிலிருந்து சுண்ணத்தைக் கடன் எடுக்கிறது. கால் வளையும், தாடை இரப்பர் போல் நெளியும், நாக்கை வீசி இரை பிடிக்க முடியாமல் போகும். வெளிநாடுகளில் மிருக வைத்தியரிடம் வரும் பச்சோந்திகளில் இந்த எலும்பு நோய் மிக வழக்கமானது. அநேகமாக எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை.

மருந்து இரண்டு. ஒன்று, ஊட்டுவதற்கு முதல்நாள் பூச்சிக்கு நல்ல சாப்பாடு: முருங்கை இலை, அகத்தி, கரட், பூசணி. பசளியை இதற்காக மிகுதியாகப் போட வேண்டாம். அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மற்றது, பூச்சியின் மேலே கல்சியத் தூள் தூவுதல். கடை மருந்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வடமராட்சிக் கரையில், வல்வெட்டித்துறை முதல் மணற்காடு வரை, கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். பொறுக்கி வந்து நல்ல தண்ணீரில் மூன்று நாள் தினம் தண்ணீர் மாற்றி ஊறப்போட்டால் உப்புப் போகும். வெயிலில் காயவைத்து, கத்தியால் சுரண்டி, மெல்லிய துணியில் சலித்துப் போத்தலில் அடையுங்கள். பூச்சிகளை ஒரு பையில் போட்டு ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால் மா பூசியது போல் ஒட்டும். உடனே ஊட்டிவிட வேண்டும், தாமதித்தால் பூச்சி தன்னைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடும். கணவாய் ஓடு கிடைக்காதவர் முட்டைக்கோதை அவித்து, உலர்த்தி, ஆட்டுக்கல்லில் அரைக்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒருபோதும் எடுக்காதீர்கள். அது வாயையும் குடலையும் எரித்துவிடும்.

கோழிக்குஞ்சுக்கு இந்தத் தூவல் வேண்டாம். முட்டையிடும் பேட்டுக்கு வேண்டிய அளவு சுண்ணம் வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேட்டுக்கு ஒரு தட்டில் சிப்பித் துண்டு வைத்தால் தனக்கு வேண்டியதைத் தானே கொத்தும்.

கறையான்

பிறந்த முதல் இரண்டு கிழமையில் குஞ்சுக்குக் கறையானைப் போல் ஒன்றில்லை. சின்னது, மெதுவானது, புரதமும் கொழுப்பும் நிறைந்தது. இதைப் பெருக்கத் தேவையில்லை, வரவழைத்தால் போதும். பழைய முட்டி ஒன்றில் காய்ந்த மாட்டுச் சாணம், வைக்கோல், கிழிந்த சாக்கு, பழைய பனையோலைத் துண்டு, பொச்சு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் வளவின் மூலையில் கறையான் நடமாட்டம் கண்ட நிலத்தில் கவிழ்த்து வையுங்கள். ஓலை வேலியின் அடி அரித்திருக்கும் இடம் மிகப் பொருத்தம். நிலத்தைக் கொஞ்சம் கொத்தி நனைத்துவிட்டால் விரைவில் ஏறும். காலையில் வெயில் ஏறுமுன் முட்டியை நிமிர்த்திச் சுளகிலே தட்டி, குஞ்சுகளின் முன் வையுங்கள். வெயில் பட்டால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். இரண்டு மூன்று முட்டிகளை மாற்றி மாற்றி வைப்பவருக்குத் தினமும் கிடைக்கும். முதல் இரவில் ஏறாவிட்டால் இன்னுமோர் இரவு விடுங்கள்.

புற்றை வெட்ட வேண்டாம். அதற்குள் பாம்பு இருக்கலாம். நாகதம்பிரான் பெயரில் கும்பிடும் புற்றானால் அயலவர் மனமும் நோகும். முட்டி முறையில் கூடு அழிவதில்லை, அடுத்த கிழமையும் கறையான் வரும். வீட்டுக் கூரை மரத்துக்கு அண்மையில் முட்டி வைக்காதீர்கள். கறையான் மருந்து இறக்கிய அத்திவாரத்துப் பக்கமும் கூடாது. எல்லாப் பிடித்த பூச்சியையும் விலக்கி இதை மட்டும் ஏற்பதன் காரணம் இதுதான்: கறையான் தன் கூட்டை விட்டுத் தூரம் போவதில்லை, ஆகவே அது உங்கள் வளவில் எதைத் தின்றது என்று உங்களுக்குத் தெரியும்.

கறுப்புச் சிப்பாய் ஈ

குளவியைப் போலத் தோன்றும் இந்தக் கறுத்த ஈ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. பசளைக் கிடங்கைக் கிளறினால் தட்டையான, தடித்த தோல் கொண்ட பழுப்புப் புழு நெளியும். பலர் அதை இலையான் புழுவென்று எண்ணி மருந்தடித்துக் கொல்கிறார்கள். வளர்ந்த ஈ உணவு தேடி அலைவதில்லை, சோற்றில் இருப்பதில்லை, நோய் காவுவதில்லை. புழு நிறைந்த கிடங்கில் இலையானும் குறையும். வழக்கமாக வளர்க்கும் பூச்சி இரைகளில் கல்சியம் இயல்பாகவே மிகுந்தது இது.

மூடியுள்ள வாளியின் அடியில் வடிகால் துவாரம் இட்டு, மாம்பழத் தோல், பலாச் சடை, திருநெல்வேலிச் சந்தையில் கழித்துப் போடும் மரக்கறி ஆகியவற்றை நிரப்புங்கள். ஈ நுழைய மூடியோரம் இடைவெளி வேண்டும். ஈரத்தின் மேல் அது முட்டையிடாது. மேலே உலர்ந்த இடுக்குத் தேடும். நெளியட்டைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தத் துளைகளில் நூற்றுக்கணக்கில் இடும். நாலு நாளில் பொரிந்து குஞ்சுப்புழு கீழே விழும். இரண்டு, மூன்று கிழமையில் முற்றும். முற்றிய புழு கறுத்து, உலர்ந்த இடம் தேடித் தானாகவே ஏறி வெளியேறும். அதற்குச் சாய்வான பலகை ஒன்றைச் சட்டியில் முடியும்படி வைத்துவிட்டால் அறுவடை உங்கள் வேலை அல்ல. மீன் கழிவும் இறைச்சியும் போட்டால் நாற்றத்தால் அயல் சண்டை வரும். கோழி எச்சத்தில் வளர்த்த புழுவை அதே கோழிக்குப் போடாதீர்கள், குடல்நோய் சுற்றிச் சுற்றி வரும். குஞ்சின் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் புழு வேண்டாம்.

மாவுப்புழு கோதுமைத் தவிட்டில் சிரமமின்றி வளரும். ஆனால் கொழுப்பு மிகுதி, சுண்ணம் மிகக் குறைவு; கிழமைக்கு இரண்டு தரம் தின்பண்டமாகப் போதும். தொட்டி மீனுக்கென்று நுளம்புக் குடம்பி வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். மார்கழி, தை மாதங்களில் டெங்கு ஆஸ்பத்திரிகளை நிரப்பும் ஊரில் அந்தச் சட்டத்துக்கு விளக்கம் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

மின்மினியை எந்த ஊர்வனவுக்கும் ஊட்டக் கூடாது. அமெரிக்க மின்மினிகளை விழுங்கிய வளர்ப்புப் பல்லிகள் செத்த பதிவு உண்டு. எருக்கில் மேயும் கோடு போட்ட புழு அந்தச் செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும். முருங்கையில் அப்பிக் கிடக்கும் மயிர்க்கொட்டி, குசினிக் கரப்பான், தெருவிளக்கின் கீழ் பொறுக்கியவை, எல்லாம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உயிர்ப் பூச்சியைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவது தாவரத் தடைக்காப்புக் குற்றம். தப்பிப் பெருகினால் அழிவது எங்கள் தோட்டம். கனடாவில் உள்ளவர்கள் கவனிக்க: வேறு நாடுகளில் பச்சோந்திக்குப் பெயர்போன டூபியா கரப்பானை வாங்குமுன் அங்கே அனுமதி உண்டா என்று கேட்டறியுங்கள், இல்லாவிட்டால் சில்லூற்றோடு நில்லுங்கள்.

யேமன் பச்சோந்திக்கு ஊட்டும்போது அளவுகோல் அதன் முகத்திலேயே இருக்கிறது. இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் சில பூச்சிகள். பெண்ணுக்கு வாரி வழங்கினால் தாங்க முடியாத அளவு முட்டை கட்டி உயிருக்கே ஆபத்தாகும். புற ஊதாக் கதிர் விளக்கு இல்லாமல் கல்சியம் எவ்வளவு தூவியும் உடலில் சேராது. கதிரின் வீரியம் குறைந்துவிடுவதால், குமிழ் எரிந்துகொண்டிருந்தாலும் உற்பத்தியாளர் சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். மாலையில் எஞ்சிய சில்லூறுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இரவில் அவை உறங்கும் பச்சோந்தியின் தோலைக் கடிக்கும்.

இங்கே இருப்பவர்கள் முதல் பெட்டியை மாசியில் தொடங்குவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், பூஞ்சணமும் எறும்பின் படையெடுப்பும் தணிந்திருக்கும், சித்திரை அடைக்கு வரும் குஞ்சுகளுக்கு இரை தயாராக இருக்கும். பெட்டியில் மிஞ்சும் எச்சத்தையும் தவிட்டையும் கத்தரி, வாழை அடியில் போடுங்கள். கிளுவை வேலிக்கு மருந்தடிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள்; அங்கே இருக்கும் பச்சோந்தி தன் இரையைத் தானே பிடித்துக்கொள்ளும்.